என் நாவலும் எங்கள் வீட்டு பாத்ரூமும்

அன்று சாயங்காலம் ஆறு மணி இருக்கும். எங்கள் வீட்டு இரும்பு கேட்டின் உள்பக்கம் நான் நின்றிருந்தேன். வெளிப்பக்கம் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். வரிசை கேட்டில் தொடங்கி, எதிர்வீட்டு முருங்கை மரத்தைத் தாண்டி, தெருமுனையில் இஸ்திரி வண்டி நிற்கும் இடம் வரை போயிருந்தது.

முதலில் நின்ற அம்மாளுக்குக் காலில் செருப்பு இல்லை. கணுக்கால் வரை புழுதி. நெற்றி நிறைய விபூதி. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள்.

“பாத்ரூம் அம்மா வீடு இதானுங்களே?”

நான் இருபது வருஷத்துக்கு மேலாகக் கதை எழுதி வருகிறேன். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு, விலாசம் விசாரித்துக்கொண்டு இந்த கேட்டுக்கு முன்னால் வந்து நின்றவர் அதுவரை ஒருவர்கூட இல்லை. இப்போது தெரு கொள்ளாத கூட்டம் வந்திருக்கிறது. அதில் ஒருத்திக்கும் என் பெயர் தெரியாது.

மொட்டைமாடியிலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஊருக்குள் மோட்டார் பம்பு கடை வைத்திருப்பவர். தண்ணீர் சம்பந்தப்பட்ட எந்தக் காரியம் என்றாலும் அவருக்கு உற்சாகம் வந்துவிடும்.

“டேங்கு ரொம்பிடுச்சு. ஒவ்வொருத்தரா அனுப்பும்மா!” என்று கத்தினார்.

போன வாரம் இந்தத் தொடரில் என் ஆபீஸ் நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, ‘திருவண்ணாமலையில் பாத்ரூம் அம்மா என்று ஒருவர் பிரபலமாக இருந்தாராமே, அது நீங்கள்தானா?’ என்று கேட்டிருக்கிறார். நான்தான். அதைப் பிறர் வாயால் நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது என் மானத்துக்குக் கொஞ்சம் நல்லது.

ஆளைத்தான் வாங்குகிறார்கள்

எல்லாம் ஒரு நாவலால் வந்தது.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில், ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு ஓரகத்திகள். பெரியவளும் சின்னவளும் ஏதோ ஒரு கோபத்தில் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஒரே அடுப்படி, ஒரே மாட்டுக்கொட்டகை, ஒரே கடலைக்காடு. ஆனால் வருஷக்கணக்கில் பேச்சு இல்லை. இதுதான் கதை. என் புகுந்த வீடும் அந்தப் பக்கம்தான் என்பதால், எந்த ஓரகத்திகள் என்று உறவினர்கள் யாரும் தயவுசெய்து ஆராய வேண்டாம்.

ஆபீஸ் மதிய இடைவேளையில், ஊருக்குப் போகிற பஸ்ஸில், குக்கர் விசில் வருவதற்குள் என்று கிடைத்த நேரத்தில் எல்லாம் எழுதினேன். முடிக்கும்போது தலையில் பாதி நரைத்திருந்தது. சென்னைப் பதிப்பாளர் மணவாளனுக்கு அனுப்பினேன். என் முதல் தொகுப்பைப் போட்டவர் அவர்தான். மறுவாரமே போன் செய்தார்.

“மேடம், பிரமாதம். கீழ வைக்க முடியல.”

“அப்ப போடறீங்களா?”

“போடலாம். உங்களுக்கு ஃபாலோயர்ஸ் எவ்ளோ பேர்?”

எனக்குப் புரியவில்லை. முகநூலில் என்று விளக்கினார். எடுத்துப் பார்த்தேன். என்னைப் பின்தொடர்ந்தவர்கள் என் ஆபீஸ்காரர்கள், என் நாத்தனார் புஷ்பா, இன்ஷூரன்ஸ் விற்கிற ஒருவர், பிறகு என் வீட்டுக்காரர். இந்தக் கடைசி ஆளும் மோட்டார் பம்பு விளம்பரத்துக்கெல்லாம் லைக் போடுவாரே ஒழிய, என் பதிவைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

“இப்பல்லாம் யாரும் புக்கை வாங்கறதில்ல மேடம். ஆளைத்தான் வாங்கறாங்க. நீங்க முதல்ல ஒரு ஆளாகுங்க. அஞ்சு இலக்கத்துல ஃபாலோயர்ஸ் வரட்டும். நாவல் எங்கயும் போயிடாது.”

எங்கும் போகாது என்பதுதானே என் கவலை. அதைச் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

வேறு பதிப்பாளர்களிடம் போகலாமே என்று கேட்பீர்கள். போனேன். ஒருவர் பதில் போடவில்லை. இன்னொருவர் பதில் போட்டார், அதில் அவருடைய சொந்த நாவலை வாங்கச் சொல்லி இணைப்பு இருந்தது.

உண்மையாக இருக்க ஒரு வகுப்பு

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் இருக்கிறது. ஆசிரமத்துப் பக்கம் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் போதும், கொண்டுவந்து விட்டுவிடுவார். இந்தப் பக்கத்தில் எதற்கு வேண்டுமானாலும் வகுப்பு உண்டு. மூச்சு விட, மூச்சை அடக்க, சும்மா இருக்க, சும்மா இருந்ததைப் பற்றிப் பேச. எல்லாவற்றுக்கும் போஸ்டர் ஒட்டியிருக்கும்.

அப்படி ஒரு கபேயின் சுவரில் பார்த்தேன். ‘படைப்பாளிகளுக்கு: சமூக வலைத்தளத்தில் உண்மையான நீங்கள்.’ வகுப்பு எடுப்பவர் திலக். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, மௌனம் தேடி இங்கே வந்தவராம். மௌனம் கிடைத்ததா என்று தெரியவில்லை. வகுப்பு முழுக்க அவர் ஒருவரே பேசினார்.

கபே மாடியில் கூரை போட்ட இடம். தரையில் மெத்தை. வெள்ளைக்காரர்கள் சம்மணம் போட்டு நேராக உட்கார்ந்திருந்தார்கள். நான் முட்டிவலிக்காரி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

“மேம், ஆடியன்ஸ் ரொம்ப ஷார்ப். நடிச்சா கண்டுபிடிச்சிடுவாங்க. அதனால நீங்க நீங்களாவே இருக்கணும்” என்றார் திலக்.

“சரிங்க. நான் நானாத்தான் இருக்கேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “அது ஓகே மேம். ஆனா இன்னும் கொஞ்சம் நீங்களா இருக்கணும். காட்டன் புடவை இருக்கா? வெள்ளி ஜிமிக்கி? மூக்குத்தியைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க. நரையை மறைக்காதீங்க, நரைதான் உங்க பிராண்ட்.”

நான் நரையை மறைத்ததே இல்லை. ஆபீஸில் ஆடிட் வரும்போது இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

பிறகு நிறையச் சொல்லிக் கொடுத்தார். எழுத்தாளர் கேமராவைப் பார்க்கக்கூடாது. மலையைப் பார்க்க வேண்டும். கையில் காபி இருக்கலாம், குடிக்கக்கூடாது. வாரத்துக்கு ஒருமுறை தோல்வியைப் பற்றி எழுத வேண்டும், ஆனால் பெரிய தோல்வியாக இருக்கக்கூடாது. அழுத கண்ணோடு ஒரு படம் போட்டால் நல்லது, வெளிச்சம் இடதுபக்கமிருந்து வர வேண்டும்.

இதைக் கேட்ட ஒரு ஜெர்மன்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு வெளிச்சம் வலதுபக்கம் இருந்தது.

மலையைப் பார்த்தபடி நான்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காட்டன் புடவை கட்டிக்கொண்டு, எங்கள் மொட்டைமாடியில் மலைக்கு எதிராக நின்றேன். கையில் டம்ளர். வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னேன்.

“இங்க பாரு” என்றார்.

“பாக்கக் கூடாதுங்க.”

“அப்ப இன்னாத்துக்கு எடுக்கறது?”

முதல் படத்தில் அவருடைய கட்டைவிரல் இருந்தது. இரண்டாவதில் நான் இருந்தேன், மலை இல்லை. மூன்றாவதில் மலை இருந்தது, எனக்குத் தலை இல்லை. அதற்குள் காபி ஆறிவிட்டது என்று அவரே வாங்கிக் குடித்துவிட்டார். கடைசியில் ஒன்று தேறியது. பின்னால் தண்ணீர் டேங்க் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. அதில் அவர் கடைப் பெயர் இருந்ததால் அவருக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துப்போனது.

‘மலை பேசுகிறது, நான் கேட்கிறேன்’ என்று எழுதிப் போட்டேன். இப்படி ஒரு வரியை என் கதையில் யாராவது பேசியிருந்தால் அடித்திருப்பேன். பத்து லைக் வந்தது. புஷ்பா மட்டும் ஒரு கமெண்ட் போட்டிருந்தாள். ‘அண்ணி, டேங்குக்கு மூடி போடுங்க, கொசு வரும்.’

நானும் விடவில்லை. இரண்டு மாதம் நானாகவே இருந்து பார்த்தேன். மழையைப் பார்த்தேன், மயிலைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன். சொந்தமாக ஒரு சோகம் தயாரித்துப் போட்டேன். ஆபீஸில் என் பிரிவுத் தட்டச்சர் பயந்துபோய், “மேடம், வீட்ல எல்லாம் சௌக்கியந்தானே?” என்று தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். சௌக்கியந்தான் என்று சொன்னதில் எனக்கே வெட்கமாக இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குப் புகழ் ஆசை இல்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், கொஞ்சம் உண்டு. ஆனால் அப்போது என்னை அரித்தது வேறு. அந்த இரண்டு ஓரகத்திகளோடு அவ்வளவு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அவர்களை இன்னொரு மனுஷி ஒருமுறையாவது சந்திக்க வேண்டும் என்று இருந்தது. யாருமே படிக்காமல் நான் போய்விட்டால் அவர்கள் என் அலமாரிக்குள்ளேயே பேசாமல் கிடப்பார்கள். அதை நினைத்தால் எனக்கு அழுகை வரும். அந்த அழுகையைப் படம் எடுத்துப் போட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

கேட்டைத் தட்டுகிறவர்கள்

பௌர்ணமி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு கிரிவலம். எங்கள் தெருக்காரர்களுக்கு கேட்டுப் பூட்டு.

மலையைச் சுற்றி வருகிற பாதை எங்கள் தெருமுனையை ஒட்டிப் போகிறது. லட்சக்கணக்கான ஜனம். வழியெல்லாம் தண்ணீர், மோர், சுக்குக் காபி என்று எவரெவரோ வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். குடித்தது எல்லாம் எங்கே போகும்? அரசாங்கமும் கழிப்பறைகள் வைத்துத்தான் இருக்கிறது. கூட்டத்துக்கு அது எம்மாத்திரம். ஆகவே கேட்டைத் தட்டுவார்கள். “அம்மா, ஒரே ஒரு நிமிஷம்.” ஒரு நிமிஷம் என்று ஒருத்தி வந்தால் பின்னாலேயே அவள் சித்தி, சித்தியின் சம்பந்தி, அவர்கள் வந்த வேனில் இருந்த பாதிப் பேர் வந்து நிற்பார்கள்.

ஒரு பௌர்ணமி அன்று நான் ஆபீஸிலிருந்து வந்து, புடவைகூட மாற்றாமல் நாவலின் கடைசி அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்தேன். ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் கேட் சத்தம். திரும்ப உட்கார்ந்தேன், திரும்ப கேட் சத்தம். கடைசியாக வந்த ஒரு பெரியவர் காரியம் முடித்துவிட்டுப் போகும்போது, “தண்ணி ஃபோர்ஸ் கம்மியா இருக்குதும்மா, பாருங்க” என்று குறை வேறு சொன்னார். வீட்டுக்காரருக்கு அது நெஞ்சில் குத்திவிட்டது. ஸ்பானர் எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. போனை எடுத்து, மலையையும் பார்க்காமல் காபியும் வைத்துக்கொள்ளாமல், ஒரே மூச்சில் எழுதினேன்:

‘அன்புள்ள பக்தகோடிகளே! மலை சுற்றும் மகத்தான பயணத்தில் தாங்கள் இயற்கை உபாதைக்கு ஆளாவதைக் கண்டு என் நெஞ்சம் உருகுகிறது. ஆகவே வருகிற பௌர்ணமி முதல் எங்கள் வீட்டு பாத்ரூமைத் தங்கள் திருவடிகளுக்கே அர்ப்பணிக்கிறேன். இந்திய முறை, மேல்நாட்டு முறை இரண்டும் உண்டு. சோப்பு, துண்டு இலவசம். வெந்நீர் போட்டு வைக்கப்படும். வரிசையில் காத்திருப்போருக்கு மின்விசிறி வசதி செய்யப்படும். தண்ணீர் வேகம் குறைவாக இருந்தால் அடியேனை மன்னித்தருளவும்.’

படத்துக்கு எங்கள் கேட்டை எடுத்தேன். ‘நாய் ஜாக்கிரதை’ பலகை நன்றாகத் தெரியும்படி எடுத்தேன். எங்கள் வீட்டில் நாய் கிடையாது. போட்டுவிட்டு, மனசு லேசாகித் தூங்கிப்போனேன்.

இந்த ஊரில் நையாண்டி

காலையில் எழுந்து பார்த்தால் போன் சூடாக இருந்தது.

‘தாயே, உங்கள் குலம் தழைக்க வேண்டும்.’ ‘இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனமா!’ ‘கிரிவலப் பாதையில் எந்த லிங்கம் பக்கம்?’ ‘வெந்நீர் எத்தனை மணி வரை?’ ‘நாயைக் கட்டி வைப்பீர்களா?’

ஒரு ஆளுக்குக்கூட அது கிண்டல் என்று தோன்றவில்லை. எனக்கு முதலில் ஜனங்கள் மேல் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்ததில் தப்பு அவர்கள் பக்கம் இல்லை. இந்த ஊரில் பௌர்ணமிக்குப் பொங்கல் கொடுப்பவர் இருக்கிறார், பிஸ்கட் கொடுப்பவர் இருக்கிறார். ஒருவர் தைலப் பாட்டிலோடு உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் முட்டிக்கெல்லாம் தடவிவிடுகிறார். போனுக்கு சார்ஜ் போட்டுக் கொடுக்க ஒரு குழு பெரிய பலகையில் பிளக் பாயின்ட் வைத்துக்கொண்டு நிற்கிறது. இதையெல்லாம் வாங்கிக்கொண்டு நடக்கிறவர்களிடம் பாத்ரூம் தருகிறேன் என்று ஒருத்தி சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்? எவ்வளவு மிகைப்படுத்தி எழுதினாலும் அதை நிஜமாகவே செய்ய ஒருவர் இங்கே முன்வந்துவிடுவார்.

வாட்ஸ்அப் குழுக்களுக்குள் அது புகுந்துவிட்டது. என் பெயரை யாரோ எடுத்துவிட்டு, ‘பாத்ரூம் அம்மா’ என்று போட்டு விட்டார்கள். விலாசம் மட்டும்தான் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையை என் நாத்தனார் தீர்த்து வைத்தாள். ‘எங்க அண்ணிதாங்க. செங்கம் ரோட்ல வந்து இஸ்திரி வண்டிகிட்ட திரும்புங்க. மஞ்ச பெயின்ட் வீடு. நாய் இல்ல, தைரியமா போங்க.’

போன் போட்டுத் திட்டினேன்.

“ஏன் அண்ணி கோச்சுக்கறீங்க? நல்ல காரியந்தானே. எங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், புது குழாய் மாத்தறேன்னு சொல்லிட்டாரு” என்றாள்.

திரும்பிப் பார்த்தால் அவர் ஏற்கெனவே பழைய குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னாங்க இது? அது கிண்டலுக்கு எழுதினது!”

“அது உனக்குத் தெரியும். அவங்க வந்து நின்னா கிண்டல்னு சொல்லி அனுப்புவியா? அடக்கினு நிக்கறவங்களுக்கு இன்னா தெரியும் கிண்டலு?”

நான் டீ போடப் போனேன்.

லைவ்

அந்த வாரமே ஃபாலோயர்கள் ஐந்து இலக்கத்தைத் தாண்டினார்கள். மணவாளன் கூப்பிட்டார். அவர் குரலில் அப்படி ஒரு குழைவை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

“மேடம், நீங்க இப்ப ஒரு ஆளு! நாவலை அடுத்த மாசமே அச்சுக்கு அனுப்பறோம். ஒரே ஒரு வேலை. பௌர்ணமி அன்னைக்கு ஜனங்க வரிசையில நிப்பாங்க இல்ல? அவங்க முன்னாடி நின்னு லைவ் போங்க. கையில நாவலைப் பிரிண்ட் எடுத்து வெச்சுக்குங்க. ‘இந்த அம்மாக்களோட கதைதான் என் நாவல்’னு ஒரு வார்த்தை.”

“அவங்க கதை இல்லைங்களே. ஓரகத்திங்க கதை.”

“வரிசையில ஓரகத்தி யாராவது இருப்பாங்க மேடம். லைவ் போனா நாவல் வருது. போகலைன்னா என்னால ஆபீஸ்ல பேச முடியாது, அவ்ளோதான்.”

திலக்கும் செய்தி அனுப்பியிருந்தார். ‘மேம், திஸ் இஸ் யூ! க்ளோசப் வைங்க. ஒரு அம்மா கண்ணுல தண்ணி வந்தா ஸூம் பண்ணுங்க.’

அந்தச் செய்தியை உடனே அழித்தேன். ஆனாலும் ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நாவல் முழுவதையும் பிரிண்ட் எடுத்தேன். காட்டன் புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். ஜிமிக்கிகூட எடுத்து வைத்தேன். அவ்வளவு வருஷத்து நாவல், ஒரே ஒரு லைவ். போய்விட்டு வந்து குளித்தால் ஆயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வரிசை

அப்படித்தான் அந்தச் சாயங்காலம் கேட்டுக்கு உள்ளே நின்றேன்.

கேட்டைத் திறந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டோம். வாசல் போர்ட்டிகோவில் வீட்டுக்காரர் டேபிள் ஃபேன் போட்டிருந்தார், எழுதிய வாக்கைக் காப்பாற்ற வேண்டுமாம். சொம்பும் பக்கெட்டும் பளபளவென்று இருந்தன. ஒருத்தி வெளியே வந்து, “ஃபோர்ஸ் நல்லா இருக்குதுங்க” என்றாள். அவர் முகத்தில் வந்த பெருமையை நான் எங்கள் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

போனை எடுத்தேன். லைவ் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு வரிசையை நோக்கித் தூக்கினேன்.

ஒரு பெண் சட்டென்று முந்தானையால் முகத்தை மூடினாள். பக்கத்தில் இருந்தவள் பையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். வரிசை முழுக்க ஒவ்வொரு முகமாக மறைந்தது.

“வேணாம்மா, போட்டோ எடுக்காதீங்க. இதுக்கு வந்து நின்னோம்னு ஊர்ல பார்த்தா அசிங்கமா இருக்கும்” என்றாள் முந்தானைக்குள்ளிருந்து.

எனக்கு முகம் சுருங்கிப்போனது. “இல்லம்மா, எடுக்கல” என்று போனைத் தாழ்த்திவிட்டேன். சரி, அவர்கள் இல்லாமல் என்னை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், நாவலையாவது காட்டிவிடலாம் என்று நினைத்து, பிரிண்ட் எடுத்த கட்டை எடுத்துவர உள்ளே போனேன். மேஜைமேல் கட்டு இல்லை. கட்டிய ரப்பர் பேண்ட் மட்டும் கிடந்தது.

“இங்க வெச்ச பேப்பரு எங்கங்க?”

“அதுவா? அவங்க உக்கார பேப்பரு கேட்டாங்க. தரை ஜில்லுனு இருக்குதாம். உன் பழைய பேப்பரு அலமாரியில ரொம்பி வழியுதே, இதுவும் அதான்னு குடுத்துட்டேன்” என்றார்.

வெளியே ஓடினேன். போர்ட்டிகோ முழுக்க என் நாவல் விரிந்து கிடந்தது. அதன்மேல் பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முதல் அத்தியாயத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். ஒருத்தி வடைக்குக் கீழே ஒரு பக்கத்தை வைத்து எண்ணெயை ஒற்றியெடுத்தாள். வீட்டுக்காரரைக் கொலை செய்தால் எத்தனை வருஷம் உள்ளே போட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். நீல நைலக்ஸ் புடவை, மடியில் ஒயர் கூடை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்திருந்தாள். உதடு மெல்ல அசைந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இல்லை, ஆனால் நிதானமாகப் படிக்கிறவள். படித்து முடித்த தாள்கள் சில கூடைக்குள் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

பாத்ரூம் கதவு திறந்தது. “அடுத்தது யாரு?” என்று குரல் கேட்டது.

அவள் முறைதான். நிமிராமலே பக்கத்தில் இருந்தவளிடம், “நீங்க போங்கக்கா” என்றாள்.

“ஏண்டி, அவசரம்னு சொல்லினு வந்தியே?”

“அவசரந்தான். இதை முடிச்சுட்டு போறேன்.”

எனக்கு அங்கேயே கால் நின்றுவிட்டது. இரண்டு தொகுப்புகளுக்கு மதிப்புரை வந்திருக்கிறது. ஒரு கூட்டத்தில் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அதில் எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

கையில் போன் அதிர்ந்தது. மணவாளன். ‘மேடம், லைவ் எங்கே? வெயிட்டிங்.’ அந்த நிமிஷம் அந்தப் பெண்ணை மட்டும் ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தால் போதும், ஊரே பார்த்திருக்கும், நாவல் மறுமாதமே வந்திருக்கும். போனைத் தூக்கவும் செய்தேன். பொய் சொல்வானேன்.

அதற்குள் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. பேப்பர் கொடுத்த வீட்டு அம்மா, அவ்வளவுதான்.

“யம்மா, இதுக்கு அடுத்த பேப்பரு எங்க இருக்குது? பெரியவ கதவாண்ட வந்து நிக்கறா. சின்னவகிட்ட பேசறாளா, இல்லையா?”

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று நான் கவனிக்கவில்லை.

“இருங்க, தேடித் தரேன்” என்றேன். தேடுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. போனை ஜன்னல் கட்டைமேல் வைத்தேன். அது அங்கேயே அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

நான் லைவ் போகவில்லை. மணவாளன் சொன்னபடியே செய்தார், நாவலைப் போடவில்லை. இதை எழுதுகிற இன்றுவரை அது அச்சாகவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொன்னால் அதுவும் திலக் வகுப்பில் படித்ததாகிவிடும்.

ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த ஞாபகமே இல்லை. முட்டிவலியை மறந்து, குனிந்து, ஒவ்வொருத்தியாக நகரச் சொல்லிப் பக்க எண் பார்த்துக்கொண்டு போனேன். வடைக்குக் கீழே இருந்தது வேறு பக்கம். விசிறியும் வேறு. கடைசியில் தூண் ஓரமாக, நல்ல கனத்த உடம்போடு ஒரு அம்மாள் கால் நீட்டி அசந்து உட்கார்ந்திருந்தாள். அவள் புடவைக்கு அடியில் நான் தேடிய பக்கத்தின் ஒரு மூலை நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் தோளைத் தொட்டு எழுப்பினேன்.

“அம்மா, கோச்சுக்காதீங்க, கொஞ்சம் எழுந்திருங்க. நீங்க உக்காந்துனு இருக்கற பேப்பர்லதான் அவ பேசறா.”